நீக்கிப் படிக்கவும்

ஜூன் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. உங்களிடம் சொல்லக் கூடாது என்றாள், சொல்லிவிட்டேன். உங்கள் உடம்பு எப்படி? அச்சகக் கேன்டீன் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பில் நவீன வரலாறு எடுத்திருக்கிறேன் என்றால் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறார்கள். "அதைப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று கீழ்வீட்டு அக்கா கேட்டாள். "வாதாடப் போறேன். செத்தவங்க எதிர்த்துப் பேச மாட்டாங்க இல்ல" என்றேன். உங்களுக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும்.

வரலாற்று மிஸ் முதல் நாளே கரும்பலகையில் நான்கு கேள்விகள் எழுதிப் போட்டார். யார் எழுதியது, எப்போது எழுதியது, யார் படிப்பதற்காக எழுதியது, எதை எழுதாமல் விட்டது. "ரோட்டுல ஒரு துண்டுச் சீட்டு கிடைச்சாலும் இந்த நாலையும் கேளுங்க" என்றார். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அம்மா எரிச்சலாகிவிட்டாள்.

புதுப் பாடநூல் வந்திருக்கிறது. இன்னும் மை வாசனை போகவில்லை. பின்னட்டையில் உங்கள் அச்சகத்தின் பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் எங்கும் இல்லை. எங்கள் புத்தகத்துக்கு நீங்கள்தான் புரூஃப் பார்த்தீர்களா? போன லீவில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சாரி மருந்துக் கடைப் பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்தீர்களே, அப்படிப்பட்டவர் பார்த்திருந்தால் இதில் ஒரு தப்பும் இருக்காது. இருந்தாலும் தேடிப் பார்க்கப் போகிறேன்.

அம்மா வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

உங்கள் மகள்


ஜூலை 3

வக்கீலம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். தையல் மெஷினை இரண்டு நாள் மூடி வைத்தால் உலகம் நின்றுவிடாது.

உங்கள் புத்தகத்தைப் பார்த்தது நான்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், மூன்று முறை. எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று நீ கேட்டதே இல்லை. எனக்கு எதிரே காப்பி படிக்கும் அம்மா ஒருவர் உட்காருவார். மூலப் பிரதியை அவர் சத்தமாகப் படிப்பார், காற்புள்ளி முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து. நான் அச்சான தாளில் பேனாவை வைத்துக்கொண்டு கூடவே போவேன். "வீட்ல பிள்ளைங்களைக்கூட சாப்பிட வா முற்றுப்புள்ளின்னு கூப்பிடறேன் சார்" என்கிறார்.

உன் மிஸ்ஸின் நான்காவது கேள்வியை எங்கள் பிரிவில் கேட்பதில்லை. பிரதியில் இருப்பது தாளில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம். பிரதியிலேயே எடுத்துவிட்டதற்கு எங்களிடம் பதில் கிடையாது. முப்பத்தொரு வருடம் இப்படித்தான் ஓடியது, இன்னும் இரண்டு வருடம்தான்.

தப்பைத் தேடுவதை விட்டுவிட்டுப் பாடத்தைப் படி. தேடினால் கிடைக்காது என்று திமிராகச் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன் அப்பா


ஆகஸ்ட் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் தேவலை. உங்கள் திமிருக்குப் பதில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

கிடைத்துவிட்டது, அப்பா. பாடத்தில் இல்லை, கடைசியில். அகர வரிசையில் பெயரும் பக்க எண்ணும் போட்டிருக்கும் பொருளடைவில். ஐந்து மதிப்பெண் கேள்விக்காக 'துறைமுக விரிவாக்கம்' எங்கே என்று தேடினேன். அதற்கு மேல் வரியில் 'துறைமுக வாயில் துப்பாக்கிச் சூடு, பத்தொன்பது தொழிலாளர் இறந்தது – 143' என்று இருக்கிறது. 143ஆம் பக்கத்தைத் திருப்பினால் எந்தெந்த வருடம் எத்தனை கப்பல் வந்தது என்று ஓர் அட்டவணை. துப்பாக்கியும் இல்லை, தொழிலாளரும் இல்லை.

மிஸ்ஸிடம் காட்டினேன். அவரும் விழித்தார். போன வருடம் படித்த அக்கா ஒருத்தியின் பழைய புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். அதில் 143ஆம் பக்கத்தில் முழுப் பத்தி இருக்கிறது. நாற்பது வருடங்களுக்கு முன்பு கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் வாயிலில் கூடியிருந்தபோது முன்னறிவிப்பு இல்லாமல் சுட்டார்கள், பத்தொன்பது பேர் இறந்தார்கள் என்று. புதுப் புத்தகத்தில் பத்தியை எடுத்துவிட்டுப் பொருளடைவில் மறந்துவிட்டிருக்கிறார்கள்.

முன்னுரையில் 'குறைகளைச் சுட்டிக்காட்டினால் நன்றியுடன் ஏற்போம்' என்று போட்டிருக்கிறது அல்லவா. பாடநூல் அலுவலகத்துக்கே எழுதிவிட்டேன். பக்க எண், வரி எண், என் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் போட்டு, இரண்டில் எது சரி என்று விளக்கம் கேட்டிருக்கிறேன். ஆதாரத்தை அதைத் தயாரித்தவரிடமே கேட்பதுதான் முறை. பயப்படாதீர்கள், புரூஃப் பார்த்தது என் அப்பா என்று எழுதவில்லை.

முப்பத்தொரு வருடத்தில் ஒரு ஓட்டை. கண்டுபிடித்தவளுக்கு என்ன வாங்கித் தரப்போகிறீர்கள்?

உங்கள் மகள்


செப்டம்பர் 14

மகளுக்கு,

அம்மாவும் நீயும் நலம் என்று அறிந்து நிம்மதி. இங்கே மழை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை கொஞ்சம் அதிகம்.

கூர்மையாகத்தான் பார்த்திருக்கிறாய். பாராட்டுகள்.

அலுவலகத்திலிருந்து உனக்குப் பதில் வந்ததா? வராவிட்டால் விட்டுவிடு. மறுபடி எழுத வேண்டாம். பழைய புத்தகத்தை அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

இந்த மாதம் லீவு கிடைக்காது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அப்பா


அக்டோபர் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உடம்புக்கு எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மனதுதான் நன்றாக இல்லை.

கடிதம் வரவில்லை, ஆள் வந்தார். திங்கட்கிழமை என்னைத் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். தோல் பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் கடிதம் மேசைமேல் இருந்தது, சில வரிகளுக்கு அடியில் சிவப்புக் கோடு.

"பொருளடைவெல்லாம் யாரும்மா படிப்பாங்க? உனக்கு யார் காட்டிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல சார். நானேதான் பாத்தேன்."

"உங்க மிஸ் சொன்னாங்களா?"

"இல்ல சார், நான்தான் மிஸ்கிட்ட சொன்னேன்."

"அப்பா என்ன பண்றாரு?"

"புரூஃப் பாக்கறாங்க."

"எங்க?"

சொன்னேன், அப்பா. பொய் சொல்லத் தோன்றவில்லை. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினார். "அப்ப சரி" என்றார். போகச் சொல்லிவிட்டார்.

மிஸ் இப்போது அந்தத் துறைமுகப் பாடத்தைத் தொடுவதில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஊசியைக் கீழே வைத்த அம்மா வெகுநேரம் அதை எடுக்கவில்லை. "அப்பாவுக்கு எழுது, ஆனா எதுவும் கேக்காதே" என்றாள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்களுக்கு ஏதாவது ஆபத்தா? செப்டம்பர் கடிதத்தில் என்னை வக்கீலம்மா என்று நீங்கள் கூப்பிடவில்லை. அந்த வரி தவறி நின்றதா, நீங்களே நிறுத்தி வைத்தீர்களா? உங்கள் கண்ணுக்கு இது தப்பியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

உங்கள் மகள்


நவம்பர் 5

மகளுக்கு,

நான் நலம். இந்த உறையின்மேல் 'பார்வையிடப்பட்டது' என்ற முத்திரையைப் பார்த்து அம்மா கலங்க வேண்டாம். ஆண்டுத் தேர்வுக்கான கேள்வித்தாள்கள் இங்கே அச்சாகத் தொடங்கிவிட்டன. மார்ச் கடைசிவரை வளாகத்தை விட்டு யாரும் வெளியே போக முடியாது, தொலைபேசி கிடையாது. உள்ளே வரும் கடிதமும் வெளியே போகும் கடிதமும் அதிகாரி படித்த பிறகே கைக்கு வரும். தேர்வு எழுதும் பிள்ளையின் தகப்பன் என்பதால் என்னுடையதைக் கூடுதல் கவனத்தோடு படிப்பார்கள். அது நியாயம்தான்.

நீ கேட்டதற்குப் பதில். என்மேல் விசாரணை நடக்கிறது, நடத்துவதும் கடிதங்களைப் படிக்கும் அதே அதிகாரிதான். பிரதியில் அடிக்கப்பட்ட அந்த வரி தாளில் நின்றது கவனக்குறைவு என்று முடிவானால் இரண்டு ஊதிய உயர்வு போகும். வேண்டுமென்றே விட்டது என்று முடிவானால் வேலையும் போகும், பென்ஷனும் போகும். கவனக்குறைவுதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். காப்பி படிக்கும் அம்மா அன்று விடுப்பு. பொருளடைவை நான் தனியாகப் பார்த்தேன். அவருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அதிகாரிக்கு ஒரு சந்தேகம். முப்பத்தொரு வருடத்தில் என் பெயரில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை. எல்லாக் கோப்பையும் எடுத்துப் பார்த்துவிட்டார். "ஒரு புள்ளியைக்கூட விடாத மனுஷன் இவ்வளவு நீள வரியை எப்படிய்யா விடுவான்?" என்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை.

ஜனவரிக்குள் முடிவு தெரியும். நீ படிப்பில் கவனமாக இரு. உன்னால்தான் இதெல்லாம் என்று எங்கேயாவது எண்ணிக்கொண்டு உட்காராதே. அப்படி எதுவும் இல்லை.

அப்பா


நவம்பர் 21

அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

எத்தனை முறை சொன்னோம், கண் டாக்டரிடம் போங்கள் என்று? போன லீவில் பஸ்ஸிலிருந்து மருந்துக் கடைப் பலகையைப் படிக்க முடியாமல் என்னைப் படிக்கச் சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? செய்தித்தாளைக் கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறீர்கள். என் மதிப்பெண் பட்டியலில் ஆசிரியர் கையெழுத்துப் போடும் கட்டத்தில் நீங்கள் போட்டுவிட்டு வந்து நான் வகுப்பில் திட்டு வாங்கினேன். டீயில் சர்க்கரை என்று உப்பைப் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தீர்கள். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோத்துத் தருகிறேன் என்று கால்மணி நேரம் போராடிவிட்டு, "அச்சகத்துல சொல்லிடாதீங்க, வேற பிரிவுக்கு மாத்திடுவாங்க" என்று எங்களிடமே கெஞ்சினீர்கள்.

அலுவலகத்தில் மறைத்தது பெரிய தப்பு, அப்பா. இத்தனை நாள் பிழை வராததற்குக் காரணம் எதிரே உட்கார்ந்து ஒருவர் சத்தமாகப் படித்ததுதான். தனியாக விட்டதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. போன கடிதத்தில் உங்கள் கண்ணைப் பற்றி நான் பெருமையாக எழுதியது மகள் என்ற பாசத்தில் எழுதியது. அந்தப் பத்தியில் என்ன இருந்தது என்றுகூட உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெறும் எழுத்தைப் பார்க்கிறவர்தானே நீங்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இனியாவது உள்ளதை ஒத்துக்கொண்டு வைத்தியம் பாருங்கள்.

உங்கள் மகள்


டிசம்பர் 28

மகளுக்கு,

அம்மாவுக்கும் உனக்கும் என் விசாரிப்பு. குளிர் அதிகம், தொண்டை கட்டியிருக்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை.

உன் கடிதம் மூன்று வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அதற்குள் அதிகாரி ஒரு நகல் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு முழுவதையும் வாசித்துக் காட்டினார். "உங்க பொண்ணு இவ்வளவு காரமா எழுதுமா?" என்றார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றேன். மகள் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் வளாகத்துக்கே கண் டாக்டரை வரவழைத்தார்கள். எழுத்துப் பலகையைக் காட்டி மேலிருந்து படிக்கச் சொன்னார். மூன்றாவது வரிவரை படித்தேன். அதற்குக் கீழே தெரியவில்லை என்று சொன்னேன். எனக்கு ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார். போட்டுக்கொண்டு நடந்தால் தலை சுற்றுகிறது, பழகிவிடும்.

டீயில் உப்பைப் போட்டதற்காக அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரியே இல்லை.

அப்பா


பிப்ரவரி 6

மகளுக்கு,

எல்லோரும் சௌக்கியம்தானே? தேர்வு நெருங்கிவிட்டது, நேரத்துக்குத் தூங்கு.

முடிவு வந்துவிட்டது. பார்வைக் குறைவால் ஏற்பட்ட கவனக்குறைவு. ஊதிய உயர்வு இரண்டு போயிற்று, பென்ஷன் தப்பியது. இனி நான் புரூஃப் பார்க்க முடியாது. காகிதக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். ரீம்களை எண்ணுவதற்குக் கண் அவ்வளவாக வேண்டாம் அல்லவா. என் மேசையைக் காலி செய்தபோது காப்பி படிக்கும் அம்மா பக்கத்தில் நின்றார்.

போவதற்கு முன் ஒரு கடைசி வேலை கொடுத்தார்கள். என் பிழைக்கு நானே பிழைதிருத்தத் தாள் எழுத வேண்டும். எங்கள் பிரிவின் விதி உனக்குத் தெரியாது. நீக்க வேண்டிய வரியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக் காட்டிவிட்டுத்தான் நீக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் வேறு வரியை அடித்துவிடுவார்கள். விதிப்படியே எழுதினேன். அதிகாரி விதிப்புத்தகத்தைத் திறந்து சரிபார்த்தார். மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். எண்பதாயிரம் பிரதி அச்சாகியிருக்கிறது. வகுப்பில் உரக்கப் படித்து, மாணவர்கள் தங்கள் கையாலேயே அடிக்கச் செய்ய வேண்டும் என்று தலைமையாசிரியர்களுக்குச் சுற்றறிக்கை.

உன் பள்ளிக்கும் வரும். சொன்னபடி செய்.

அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம், அம்மா நலம், நீங்கள் நலமாக வந்து சேர வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. மார்ச் கடைசியில் நீங்கள் வந்ததும் கையில் தருவேன். நாளை மறுநாள் வரலாற்றுத் தேர்வு. படிக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தாள் வந்தது. மிஸ் முகத்தில் எதையும் காட்டாமல் படித்தார். "பக்கம் 309, பொருளடைவு, இடப் பத்தி, வரி 17. துறைமுக வாயில் துப்பாக்கிச் சூடு, பத்தொன்பது தொழிலாளர் இறந்தது, 143 என்பதை நீக்கிப் படிக்கவும்." வருடம் முழுக்கப் பொருளடைவு என்று ஒன்று இருப்பதே தெரியாத ஐம்பத்து நான்கு பேரும் புத்தகத்தின் கடைசியைத் திருப்பினார்கள்.

"மிஸ், எதை அடிக்கணும்? இன்னொரு தடவை படிங்க" என்றாள் கடைசி பெஞ்சில் ஒருத்தி. மிஸ் இன்னொரு தடவை படித்தார்.

"பத்தொன்பது பேரா? எப்ப மிஸ்? யார் சுட்டாங்க?"

"நீக்கச் சொல்லியிருக்காங்க, நீக்குங்க."

"என்னன்னு தெரிஞ்சாத்தானே மிஸ் நீக்க முடியும்?"

மிஸ் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. எண்பதாயிரம் தாள் என்றால் எத்தனை வகுப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வரி உங்களுக்குத் தவறி நின்றதா என்று இனி நான் கேட்க மாட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தாளைக் காட்டினேன். அப்போதுதான் சொன்னாள். சுட்ட மறுநாள் இரங்கல் சுவரொட்டிக்கு அந்தப் பத்தொன்பது பெயரையும் அச்சுக் கோத்தது நீங்களாம், ஒரு சின்ன அச்சகத்தில், பதினேழு வயதில். எனக்கும் இப்போது பதினேழு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அலுவலகத்துக்கு எழுதியிருக்க மாட்டேனே, அப்பா. உங்களைக் காட்டிக்கொடுத்தது நான்தான். நீங்கள் இல்லை என்று எழுதினால் இல்லை என்று ஆகிவிடாது. என்னை மன்னித்துவிடுங்கள்.

இன்னொன்று என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. என் நவம்பர் கடிதம் உங்கள் கோப்பில் இருக்கிறது. கோப்புகளை எரிக்க மாட்டார்கள். இன்னும் நாற்பது வருடம் கழித்து என்னைப் போல ஒருத்தி அதைப் பிரிப்பாள். நான்கு கேள்விகளையும் கேட்பாள். எழுதியது சொந்த மகள், தேதி இருக்கிறது, தகப்பனே உண்மை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார், டாக்டர் சீட்டும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? பார்வை மங்கிய ஒரு கிழவர் கவனக்குறைவாக ஒரு வரியை விட்டுவிட்டார் என்று எழுதிவிட்டுப் போய்விடுவாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதுவேன். அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன்.

அதனால் இதையும் எழுதி வைக்கிறேன். நவம்பர் 21 அன்று நான் எழுதியதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. அதிகாரி படிப்பார் என்று தெரிந்து, அவர் படிப்பதற்காகவே எழுதினேன். என் அப்பா டீயில் உப்புப் போடவில்லை. ஊசியில் நூல் கோக்கத் திணறவில்லை. எனக்கு அவரை நினைத்து ஒருநாளும் வெட்கமாக இருந்ததில்லை. எதிர்ச்சாரிப் பலகையில் விட்டுப்போன புள்ளியை ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிற கண் அவருடையது. அந்த வரியையும் அவர் பார்த்தார்.

இதைப் படித்துவிட்டுக் கிழித்துவிடாதீர்கள், அப்பா. உங்களுக்காக மட்டும் எழுதியது இல்லை.

இப்படிக்கு,
அவர் மகள், பன்னிரண்டாம் வகுப்பு, வரலாற்றுப் பிரிவு